பட்டுப்போன புல்தரை: புதுப் புல் வாங்கும் முன்

அக்னி நட்சத்திரம் முடியும்போது சென்னை, செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கத்து வீட்டுப் புல்தரைகள் பாதிக்கு மேல் வைக்கோல் நிறத்துக்கு வந்திருக்கும். ஆளைக் கூப்பிட்டுக் காட்டினால் வழக்கமாக வரும் பதில் ஒன்றுதான்: இருப்பதை வழித்து எடுத்துவிட்டு, ஒரு லோடு செம்மண் அடித்து, மேலே புதுப் புல் பத்தை விரித்துவிடலாம். விரித்தால் சில மாதம் பச்சையாகத்தான் இருக்கும். அடுத்த கோடையில் அதே இடங்கள் அதே மாதிரி காயும். புல்லைக் கொன்ற காரணம் மண்ணிலோ தண்ணீரிலோ நிழலிலோ அப்படியே இருக்க, அதன் மேல் புதுப் புல்லைப் போர்த்தினால் வேறு என்ன நடக்கும்?

கையில் காசு குறைவென்றால் அதைப் புல்லில் போடாதீர்கள். மண்ணுக்கும் மக்கிய உரத்துக்கும் போகட்டும். புல் ஏறக்குறைய இலவசமாகவே கிடைக்கும். பல நேரம் உங்கள் தரையிலேயே மிச்சம் இருக்கும். கணக்குப் போட வசதியாக 20 அடிக்கு 20 அடி, அதாவது 400 சதுர அடித் தரையை எடுத்துக்கொள்கிறேன். சொல்வதெல்லாம் சமவெளி வெயிலுக்குப் பொருந்தும். ஊட்டி, கொடைக்கானலில் புல்லும் வேறு, பருவமும் வேறு.

உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது

கல்யாண வீட்டில் 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி' என்று வாழ்த்துவது சும்மா இல்லை. அருகம்புல்லுக்குத் தரைக்கு மேலே ஓடும் தண்டும் உண்டு, தரைக்கு அடியில் ஓடும் தண்டும் உண்டு. தண்ணீர் கிடைக்காவிட்டால் மேலே இருப்பதைக் காயவிட்டு அடித்தண்டில் உயிரை வைத்துக்கொண்டு காத்திருக்கும். மேலே பார்த்துவிட்டு 'செத்துப்போச்சு' என்று முடிவு கட்டக் கூடாது.

காய்ந்த இடத்தில் ஒரு களைக்கொத்தியால் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கிளறி ஒரு அடித்தண்டை வெளியே எடுங்கள். நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளையாக, கொஞ்சம் ஈரமாக, மொறுமொறுப்பாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பு நிறத்தில் சணல் நூல் மாதிரி நார்நாராகப் பிரிந்தால் இல்லை. ஒரே இடத்தில் பார்த்தால் போதாது. தரை முழுக்கப் பத்து இடத்தில் பாருங்கள். பிறகு மோசமாகத் தெரியும் இரண்டு இடங்களில் ஒரு சதுர அடி அளவுக்குக் குச்சி நட்டு அடையாளம் வைத்து, முதல் மூன்று நாள் தினமும் ஒரு லிட்டர், அடுத்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு சதுர அடிக்கு ஒரு லிட்டர் என்பது சுமார் 10 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். 14 நாளில் பச்சை முளை வரவில்லையென்றால் அந்த இடத்தைக் கைவிடலாம். வந்துவிட்டால், அங்கே நடவே வேண்டாம். மண்ணைத் திருத்தித் தண்ணீர் கொடுத்தால் அதுவே மூடிக்கொள்ளும்.

கொரியன் புல்லாக இருந்தால் இவ்வளவு நம்பிக்கை வைக்க வேண்டாம். அதுவும் வறட்சி தாங்கும், ஆனால் திரும்பி வருவது மிக மெதுவாக நடக்கும். அகல இலை உள்ள பஃபல்லோ புல்லுக்கு அடித்தண்டே கிடையாது; மேல்தண்டு காய்ந்தால் கதை முடிந்தது.

காய்ந்த இடத்தின் வடிவம்

எங்கே காய்ந்திருக்கிறது, என்ன வடிவில் காய்ந்திருக்கிறது என்பதிலேயே பாதிக் காரணம் தெரிந்துவிடும். தரை முழுக்க ஒரே சீராகக் காய்ந்திருந்தால் தண்ணீர்ப் பற்றாக்குறை. கேட்டிலிருந்து வாசற்படி வரை, கார் திரும்பும் இடம், துணி காயப்போடும் கொடிக்கு அடியில் என்று கோடாகக் காய்ந்திருந்தால் மண் இறுகியிருக்கிறது. ஒரு நீள ஸ்குரூடிரைவரை மண்ணில் குத்திப் பாருங்கள். தண்ணீர் விட்ட மறுநாளும் கைவலுவில் 10 சென்டிமீட்டர் இறங்கவில்லையென்றால் வேரும் இறங்காது.

மாமரத்தடியில் மட்டும் புல் இல்லையென்றால் காரணம் நிழல். அருகம்புல்லுக்கு நாளுக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். இதற்கு உரமும் மருந்தும் உதவாது. கிளையைக் கழித்து வெளிச்சம் விடலாம். முடியாதென்றால் அந்த இடத்தைப் புல்தரைக் கணக்கிலிருந்தே கழித்துவிட்டு, உதிரும் இலையை அங்கேயே மூடாக்காக விட்டுவிடுங்கள். 400 சதுர அடியில் 100 குறைந்தால் செலவும் தண்ணீரும் கால் பங்கு மிச்சம். சிறியதாக, முழுப் பச்சையாக இருக்கும் தரைதான் பார்க்கவும் நன்றாக இருக்கும்.

தட்டு அளவு வட்டமாகக் காய்ந்து, சுற்றிலும் கரும்பச்சை வளையம் இருந்தால் அது நாய் சிறுநீர் கழித்த இடம். அதிலுள்ள தழைச்சத்து நடுவில் எரிக்கிறது, ஓரத்தில் உரமாகிறது. நாய் போன உடனே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் போதும்.

புல்லைக் கொத்தாகப் பிடித்து இழுத்தால் பாய் சுருட்டுவது போலக் கையோடு வருகிறதா? வேரை வேர்ப்புழு தின்றிருக்கிறது. ஒரு சதுர அடியில் 5 சென்டிமீட்டர் ஆழம் தோண்டிப் பார்த்தால், 'C' வடிவில் சுருண்ட, தலை பழுப்பான வெள்ளைப் புழு கிடைக்கும். ஒன்றிரண்டு இருந்தால் கவலை இல்லை. ஐந்துக்கு மேல் இருந்தால் மண்ணைக் கிளறிக் காகத்துக்கும் மைனாவுக்கும் இரண்டு நாள் விட்டுவிட்டு, பிறகு 100 சதுர அடிக்கு ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்குத் தூளைக் கலந்துவிடுங்கள். மக்காத பச்சைச் சாணத்தைக் கொட்டிய தரையில்தான் இது அதிகம் வரும். கரையானைப் பொறுத்தவரை ஒன்று சொல்ல வேண்டும்: பெரும்பாலான வீடுகளில் கரையான் புல்லைக் கொல்வதில்லை, ஏற்கெனவே காய்ந்ததைத் தின்ன வருகிறது. மண்பூச்சைப் பார்த்ததும் மருந்துக்கு ஓடாதீர்கள். ஈரம் வந்தால் பெரும்பாலும் போய்விடும்.

இலை நுனி மட்டும் கருகி, மண்மேல் வெள்ளைப் பூஞ்சை படர்ந்ததுபோல உப்புப் பூத்திருந்தால் போர்த் தண்ணீர்தான் காரணம். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கமெல்லாம் இது சாதாரணம். தண்ணீரில் கரைந்த உப்பை பிபிஎம் கணக்கில் காட்டும் கையடக்க டிடிஎஸ் மீட்டரை யாரிடமாவது வாங்கித் தண்ணீரைப் பாருங்கள். 1500 வரை அருகம்புல் தாங்கும், தண்ணீர் கீழே இறங்கும் மண்ணாக இருந்தால். 2000 தாண்டினால் ஒவ்வொரு கோடையிலும் உப்பு மேலே ஏறும், மழைதான் கழுவ வேண்டும். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று நல்ல எண்ணத்தில் புல்லுக்கு விடுகிறார்கள். அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும். தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். துணி துவைத்த தண்ணீரிலும் சோடியம் அதிகம், அது களிமண்ணை இன்னும் இறுக்கும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே இல்லை, தாராளமாக விடலாம்.

புது வீடுகளில் இன்னொரு காரணம் இருக்கிறது. வீடு கட்டி முடித்ததும் மீந்த கலவை, செங்கல் துண்டு, டைல்ஸ் தூளெல்லாம் வாசலில் சமப்படுத்தி, மேலே நான்கு விரல்கடை செம்மண் போட்டுப் புல் விரித்திருப்பார்கள். கலவையிலுள்ள சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கும். காரமண்ணில் இரும்புச்சத்து இருந்தும் புல்லால் எடுக்க முடியாது. நரம்பு பச்சையாகவும் நடுவே மஞ்சளாகவும் இலை மாறும். யூரியா போட்டாலும் மஞ்சள் போகாது. அப்படித் தெரிந்தால் கடப்பாரையால் இரண்டு மூன்று இடத்தில் ஓர் அடி தோண்டிப் பாருங்கள். 'டங்' என்று சத்தம் கேட்டால் விடை கிடைத்துவிட்டது. அந்த இடத்தில் மட்டுமாவது 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கல்லையும் கலவைக் கட்டியையும் பொறுக்கி எடுக்க வேண்டும். கஷ்டமான வேலைதான், ஆனால் கூலி கொடுத்துச் செய்வதென்றால் இந்த வேலைக்குக் கொடுங்கள்.

மண் பரிசோதனையும் செய்துவிடுங்கள். பெரும்பாலான மாவட்டங்களில் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையம் இருக்கிறது, கட்டணம் மிகச் சொற்பம். ஐந்தாறு இடத்தில் 'V' வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழக் குழி வெட்டி, குழியின் சரிவிலிருந்து ஒரே கனத்தில் மண்ணைச் சீவி, எல்லாவற்றையும் கலந்து நிழலில் உலர்த்தி, நான்கு பாகமாகப் பிரித்து எதிரெதிர் பாகங்களைத் தள்ளிக்கொண்டே வந்து அரை கிலோ ஆக்கிக் கொடுக்க வேண்டும். கார அமில நிலையும் உப்பின் அளவும் தெரிந்தால் போதும், வீண் செலவு பாதி நின்றுவிடும்.

கோரை

கோரைக் களைக்குத் தனியாக நேரம் ஒதுக்காமல் நட்டால் எல்லாம் வீண். கோரையைப் பிடுங்கினால் இலை மட்டும் கையில் வரும். கீழே மணிமாலை மாதிரி கிழங்குகள் வரிசையாக நிற்கும். மேலே ஒன்றைப் பிடுங்கியதும் உறங்கிக்கொண்டிருந்த அடுத்த கிழங்கு முளைக்கும். வெளியிலிருந்து வரும் செம்மண் லோடுதான் பல வீடுகளுக்குக் கோரையைக் கொண்டுவருகிறது. மண் வாங்கியே ஆக வேண்டுமென்றால் லாரியிலேயே ஒரு கைப்பிடி அள்ளிச் சலித்துப் பாருங்கள். சிறிய, கறுத்த, முடி முளைத்த கிழங்கு ஒன்று கண்ணில் பட்டாலும் திருப்பி அனுப்புங்கள். வாசனை வைத்தும் கண்டுபிடிக்கலாம், உடைத்தால் சாம்பிராணி மாதிரி மணக்கும்.

காசில்லாத வழி இது. நடுவதற்கு ஆறு வாரம் முன்பே வெற்றிடங்களுக்குத் தண்ணீர் விடுங்கள். களையெல்லாம் முளைத்து 10 நாளில் 4, 5 இலை விடும். அப்போது மண்வெட்டியால் ஒரு முழ ஆழம் கொத்தி, கிழங்கோடு பொறுக்கி எடுங்கள். மறுபடி தண்ணீர், மறுபடி 10, 12 நாள், மறுபடி பொறுக்கல். மூன்று முறை. ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியக் குறையும். எடுத்த கிழங்கை உரக்குழியில் போடாதீர்கள், அங்கேயும் பிழைக்கும்; சிமெண்ட் தரையில் இரண்டு வாரம் கருக விடுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் நிறமற்ற பாலிதீன் தாளை ஈரமண்மேல் விரித்து ஓரத்தை மண்ணால் அணைத்து ஆறு வாரம் விட்டால் விதைக்களை பெரும்பாலும் வெந்துபோகும், ஆழத்திலிருக்கும் கோரைக் கிழங்கு போகாது. கறுப்புத் தாள் அந்த அளவு சூட்டை மண்ணுக்குள் இறக்காது.

மண்ணைத் திறப்பது

உயிர் இருக்கும் இடத்தைக் கொத்தக் கூடாது, துளை போட வேண்டும். முதலில் இரும்புப் பல் வாரியால் காய்ந்த புல் மெத்தையை வாரி எடுங்கள். விரல் கனத்துக்கு மேல் அது இருந்தால் தண்ணீர் மண்ணுக்குப் போகாமல் மேலேயே நின்று ஆவியாகிவிடும்.

துளைக்குக் கடப்பாரை வேண்டாம். அது மண்ணை எடுக்காமல் பக்கவாட்டில் அழுத்தி, துளையின் சுவரை இன்னும் இறுக்கும். பழைய இரும்புக் கடையில் முக்கால் அங்குல ஜிஐ பைப் 3 அடித் துண்டு வாங்குங்கள். ஒரு முனையை வெல்டிங் பட்டறையில் சாய்வாக வெட்டி உள்பக்கம் கூராக்கச் சொல்லுங்கள். முனையிலிருந்து 10 சென்டிமீட்டர் மேலே, விரல் நுழையும் அகலத்தில் ஒரு பக்கம் ஜன்னல் போல வெட்டிவிட வேண்டும். மிதிப்பதற்குக் குறுக்கே ஒரு கம்பி. மிதித்தால் பைப்புக்குள் மண் ஏறும், அடுத்த துளை போடும்போது முந்தைய மண் ஜன்னல் வழியே உருளையாக வெளியே விழும். முந்தைய நாள் நன்றாகத் தண்ணீர் விட்டிருக்க வேண்டும். அன்றே விட்டால் சேறு பைப்பில் அடைத்துக்கொள்ளும், விடாவிட்டால் இறங்காது.

8 சென்டிமீட்டர் ஆழம், 12 சென்டிமீட்டர் இடைவெளி. 100 சதுர அடிக்குச் சுமார் 650 துளை வரும். ஆள் ஒருவருக்கு அரை நாளுக்குக் குறையாத வேலை. தரை முழுக்க வேண்டாம், இறுகிய இடத்தில் மட்டும் போதும். விழுந்த மண் உருளைகளைக் காயவிட்டு, கட்டை விளக்குமாற்றால் அடித்து உதிர்த்து அங்கேயே பரப்பிவிடலாம்.

அதன்மேல் நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ கால் அங்குலக் கனத்துக்குத் தூவி, விளக்குமாற்றால் துளைக்குள் போகும்படி கூட்டிவிடுங்கள். 400 சதுர அடிக்குச் சுமார் 235 லிட்டர் கொள்ளளவு ஆகும், காலி சிமெண்ட் சாக்கில் ஆறேழு சாக்கு. உரம் மக்கிவிட்டதா என்பதைக் கையில் அள்ளிப் பார்க்க வேண்டும்: சாண வாடை இருக்கக் கூடாது, சூடு இருக்கக் கூடாது, வைக்கோல் வைக்கோலாகத் தெரியக் கூடாது. வாங்கிய உடனே பயன்படுத்தாமல் ஒரு தட்டில் கொஞ்சம் எடுத்து ஈரப்படுத்தி ஒரு வாரம் வைத்தால் அதில் எத்தனை களைவிதை இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

களிமண்ணில் ஒரு சாக்கு மணலைக் கலந்தால் இளகிவிடும் என்று நினைப்பது தவறு. கொஞ்சமாகக் கலந்த மணல் களிமண்ணோடு சேர்ந்து சுட்ட செங்கல் மாதிரி இறுகும். எம்-சாண்ட் தூள் இன்னும் மோசம். கடற்கரை மணலைத் தொடவே வேண்டாம். களிமண்ணை இளக்குவது மக்கிய உரம்தான். பரிசோதனையில் சோடியம் அதிகமென்று வந்தால் மட்டும் 100 சதுர அடிக்கு 2 கிலோ ஜிப்சம் தூவி நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். வெறும் உப்புத்தன்மைக்கு ஜிப்சம் போட்டுப் பயனில்லை.

தண்ணீர் தேங்குகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். 20 அடிக்கு இரண்டரை அங்குலச் சரிவு, வீட்டை விட்டு வெளிப்பக்கமாக இருக்க வேண்டும். இரண்டு குச்சி, ஒரு நூல், ஒரு ரசமட்டம் போதும்.

புல் எங்கே கிடைக்கும்

உங்கள் தரையிலேயே நன்றாக இருக்கும் ஓரத்திலிருந்து எடுப்பது முதல் வழி. ஒரு சதுர அடிப் பத்தையைப் பிரித்து நட்டால் 8 முதல் 10 சதுர அடி நிரம்பும். 400 சதுர அடியும் போய்விட்டால்கூட 40, 50 சதுர அடிப் பத்தை வாங்கினால் போதும். முழுதாக விரிப்பதற்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கு சொச்சம். பத்தை வாங்கும்போது அடிமண்ணைத் திருப்பிப் பாருங்கள். கோரைக் கிழங்கு அங்கேயும் ஒட்டிக்கொண்டு வரும்.

இரண்டாவது வழி வயல் வரப்பு. தெரிந்தவர் வயலில் கேட்டால் களை என்று சந்தோஷமாகக் கொடுப்பார்கள். நாட்டு அருகு கொஞ்சம் முரடு, நர்சரிப் புல் போல மெத்தென்று இருக்காது. ஆனால் வெயில், உப்பு, மிதி மூன்றையும் தாங்கும். களைக்கொல்லி அடித்த வரப்பா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளையாருக்கு விற்கும் அருகம்புல் கட்டு நடவுக்கு ஆகாது. அது நுனிப்புல், கணுவோடு வேர்விட்ட தண்டு அதில் அரிதாகவே இருக்கும்.

விதையைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். இணையத்தில் 'பத்து நாளில் பச்சைக் கம்பளம்' என்று வரும் பொட்டலங்களில் பல குளிர்நாட்டுப் புல் விதை. மார்கழியில் அழகாக முளைக்கும், பங்குனியில் ஒன்றுகூட இருக்காது. பெயர் தெரியாத விதையை வாங்காதீர்கள்.

நடவு

ஆடிப் பட்டம் நெல்லுக்கும் காய்க்கும் மட்டும் சொன்னதில்லை. ஆடிக் கடைசி, ஆவணியில் நட்டால் ஐப்பசி மழை வலுக்கும் முன் ஆறேழு வாரம் வேர்பிடிக்கக் கிடைக்கும். மழைக்காலத்திலேயே நட்டால் வெயில் போதாமல், தண்ணீர் தேங்கி அழுகும். உப்பால் செத்த தரைக்கு மட்டும் வேறு கணக்கு: வடகிழக்குப் பருவமழை மண்ணைக் கழுவி முடிக்கும் வரை காத்திருந்து தையில் நடுங்கள்.

வெற்றிடத்தை 15 சென்டிமீட்டர் ஆழம் கொத்தி, 100 சதுர அடிக்கு ஆறேழு சாக்கு மக்கிய உரம் கலந்து, தண்ணீர் விட்டு இரண்டு நாள் படியவிட்டு, பள்ளம் விழுந்த இடத்தை நிரவுங்கள். படியவிடாமல் நட்டால் பிறகு தரை மேடும் பள்ளமுமாகிவிடும், புல் வெட்டும்போது மேட்டில் கத்தி மண்ணைச் சீவும்.

நடும் தண்டுக்கு மூன்று நான்கு கணு இருக்க வேண்டும். காலையில் பிரித்து எடுத்து ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்தால் கணு வற்றிவிடும். நடவில் தோற்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள். மாலை 4 மணிக்கு மேல் நடுங்கள். விரலால் அல்லது குச்சியால் 4 சென்டிமீட்டர் குழி, அதில் இரண்டு கணு உள்ளே, நுனி வெளியே. பக்கத்து மண்ணைக் குதிகாலால் அழுத்துங்கள். வேருக்கும் மண்ணுக்கும் நடுவே காற்று இருந்தால் காய்ந்துவிடும். 10 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுர அடிக்கு 9 தண்டு வரும். நட்டவுடன் தண்ணீர்.

புல்லைத் துண்டுதுண்டாக நறுக்கிச் சாணம், மண் கலந்து குழைத்து மெழுகுவது போலப் பூசும் முறையும் உண்டு. வேகமாக முடியும். ஆனால் முதல் இரண்டு வாரத்தில் ஒரே ஒரு நாள் காய்ந்தாலும் மேல்பூச்சு வெடித்து அத்தனையும் போய்விடும். சாணத்திலுள்ள களைவிதையும் சேர்ந்தே முளைக்கும். ஆள் எப்போதும் வீட்டில் இருந்தால் செய்யலாம், இல்லையென்றால் தண்டு நடவே நல்லது.

தண்ணீர்

நட்ட முதல் 10 நாள் காலையும் மாலையும் லேசாக. அடுத்த 10 நாள் ஒரு வேளை. நான்காவது வாரத்திலிருந்து இடைவெளியைக் கூட்டி, ஒவ்வொரு முறையும் அதிகமாக விடுங்கள். தினமும் கொஞ்சம் தெளித்துக்கொண்டே இருந்தால் வேர் மேலேயே நின்றுவிடும். சித்திரை வெயிலில் முதலில் காய்வது அப்படி வளர்ந்த புல்தான்.

வளர்ந்த தரைக்குக் கோடையில் வாரம் 25 மில்லிமீட்டர், 400 சதுர அடிக்குச் சுமார் 930 லிட்டர். உங்கள் குழாய் 20 லிட்டர் வாளியை ஒரு நிமிடத்தில் நிரப்பினால் வாரத்துக்கு 46 நிமிடம். அதை இரண்டாகப் பிரித்து அதிகாலையில் விடுங்கள். இரவில் விட்டால் விடியும்வரை இலை ஈரமாகவே இருந்து பூஞ்சை வரும்.

லாரித் தண்ணீர் வாங்கும் நிலை வந்தால் பச்சையாக வைத்திருக்க முயலாதீர்கள். காயவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 12 மில்லிமீட்டர், அதாவது 450 லிட்டர் கொடுத்தால் அடித்தண்டு உயிரோடு இருக்கும். அந்த நாட்களில் மிதிக்கக் கூடாது, வெட்டக் கூடாது, உரம் போடக் கூடாது. மழை விழுந்ததும் தானாக எழுந்துவரும்.

உரமும் வெட்டும்

நட்டு நான்கு வாரம் வரை உரமே வேண்டாம். பிறகு 400 சதுர அடிக்கு 200 கிராம் யூரியா. இவ்வளவுதானா என்று தோன்றும்; இவ்வளவுதான். 2, 3 கிலோ உலர்ந்த மணலோடு கலந்து பாதியை நீளவாக்கிலும் பாதியைக் குறுக்குவாக்கிலும் தூவினால் சீராக விழும். இலை உலர்ந்திருக்கும்போது தூவி உடனே தண்ணீர் விட வேண்டும். ஈர இலையில் ஒட்டினால் கருகும். தை, ஆனி, ஆவணி என்று வருடத்துக்கு மூன்று முறை போதும். ஐப்பசி, கார்த்திகையில் போடாதீர்கள். அந்த மழையில் கொஞ்சம் கரைந்து ஓடும், மிச்சம் பூஞ்சைக்குத் தீனியாகும்.

காரமண்ணின் மஞ்சளுக்கு 10 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), இரண்டு சொட்டு சோப்புக் கரைசல், சாயங்காலம் தெளிக்க வேண்டும். நாலைந்து நாளில் பச்சை தெரியும். மண் மாறாததால் திரும்ப மஞ்சளாகும், மாதமொரு முறை தெளிக்க வேண்டிவரும். டைல்ஸ், சிமெண்ட் தரையில் பட்டால் துருக்கறை விழும், அது லேசில் போகாது. தெளிக்கும் முன் ஓரத்தை நனைத்துவிட்டு, முடித்ததும் உடனே கழுவுங்கள்.

புல் 6 சென்டிமீட்டர் வந்ததும் முதல் வெட்டு, 4 சென்டிமீட்டருக்கு. எப்போதும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. ஊருக்குப் போய்விட்டு வந்து முழங்கால் உயரத்தை ஒரே நாளில் மொட்டையடித்தால் வெயில் நேராக அடித்தண்டில் அடித்துத் தரை வெளுத்துவிடும். 400 சதுர அடிக்கு மோட்டார் இயந்திரம் தேவையில்லை. பழைய கைத்தள்ளு மெஷின் கிடைத்தால் வாங்கிச் சாணை பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நீளக் கத்தரி. வெட்டிய மறுநாள் இலை நுனியைக் கிட்டே போய்ப் பாருங்கள். நேர்க்கோடாக வெட்டுப்பட்டிருந்தால் சரி. பிசிறு பிசிறாக வெளுத்திருந்தால் கத்தி மழுங்கிவிட்டது; அது வெட்டவில்லை, கிழித்திருக்கிறது. நறுக்கு சிறியதாக இருந்தால் அள்ளாமல் தரையிலேயே விடுங்கள், தழைச்சத்து மண்ணுக்கே திரும்பும்.

10 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்ட அருகு எட்டு முதல் பத்து வாரத்தில் மூடிக்கொள்ளும். கொரியன் புல்லுக்கு அரை வருடத்துக்கு மேலும் ஆகலாம், அதுவரை களை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நடும்போதே மதில் ஓரமாக 3 அடிக்கு 3 அடி இடத்தை நாற்றங்காலாகத் தனியாக நட்டுவைத்து, அதை வெட்டாமல் விடுங்கள். மழைக்காலத்தில் எங்காவது அழுகினாலோ, பந்தல் கால் நட்ட இடம் வெறுமையானாலோ, அங்கிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அன்றைக்கே ஊன்றிவிடலாம்.